தாயத்துக்கு ஓர் இரட்டை

டாக்டர் ஹனிசா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நன்றாகக் குனிந்து, குழந்தையின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி அபா?” என்று மலாயில் கேட்டார். இது என்ன?

உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல் மெத்தைமேல் கிடந்த கதாநாயகன் காற்றை உதைத்துக்கொண்டிருந்தான். இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றில் சின்னதாக ஒரு வெள்ளிக் குழாய், இரண்டு பக்கமும் அடைத்தது.

“தாயத்து, டாக்டர்,” என்றேன்.

“உள்ளே என்ன?”

நான் குழந்தையின் அம்மா கோகிலாவைப் பார்த்தேன். கோகிலா தன் கணவரின் அக்காவைப் பார்த்தார். பரிமளம் அண்ணி என்கிற அந்த அக்கா, கை கழுவுவது எப்படி என்று சுவரில் ஒட்டியிருந்த படத்தை முதன்முறையாக அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

பதில் என் தலையில் விழுந்தது. “அவனுடைய தொப்புள் கொடிதான் டாக்டர். விழுந்ததும் எடுத்துக் காயவைத்து உள்ளே வைத்து அடைத்திருக்கிறார்கள்.”

டாக்டர் நிமிர்ந்தார். எங்கள் ஆராய்ச்சியின் முதல் விதி, பெட்டிக்குள் குழந்தையைத் தவிர வேறொன்றும் போகக் கூடாது. இப்போது அவர் முன்னால் இருந்தது, வேறொன்றா குழந்தையா என்று சொல்ல முடியாத ஒன்று.

கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த மெய் லிங், என் கூட்டாளி, தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “டெக்னிக்கலி, அதுவும் பேபிதான் லா.”

எல்லோரும் சிரித்தோம், கோகிலாவைத் தவிர. அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன், அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்குள் ஒரு குட்டித் தூக்கம்

பிறந்த குழந்தையின் எடையை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். ஆனால் அந்த எடை எதனால் ஆனது என்பதைத் தராசு சொல்லாது. ஒரே எடையுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்குக் கொழுப்பு கூடுதலாக இருக்கும், இன்னொன்றுக்குத் தசை. இரண்டும் ஒரே மாதிரி வளரப் போவதில்லை. ஜொகூரில் பிறக்கும் குழந்தைகள் முதல் சில வாரங்களில் எதைச் சேர்க்கிறார்கள், எலும்பு எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

அதற்குத்தான் பெட்டி. இழுப்பறைபோல ஒரு தட்டு வெளியே வரும். குழந்தையை அதில் படுக்கவைத்து உள்ளே தள்ளி மூடிவிடுவோம். கண்ணாடி வழியாக அம்மா பார்த்துக்கொண்டே இருக்கலாம். உள்ளே இதமான சூடு. குழந்தை எவ்வளவு காற்றை விலக்கிக்கொண்டு படுத்திருக்கிறது என்று பெட்டி அளக்கும். கொழுப்பு லேசானது, இடத்தை அடைக்கும். தசையும் எலும்பும் கனமானவை, கச்சிதமாக இருக்கும். எடையும் தெரிந்து, அடைக்கும் இடமும் தெரிந்தால், கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஓரிரு நிமிட வேலை. வெளியே வீறிட்டு அழுத பிள்ளைகள் உள்ளே போனதும் கொட்டாவி விடுவார்கள். சிலர் தூங்கியே போவார்கள். அழுவது அம்மாக்கள்தான்.

பிள்ளைகளுக்குப் பிடிக்காதது நீளம் அளக்கும் பலகை. நான் தலையைப் பிடிக்க, மெய் லிங் காலை நீட்டிப் பிடிப்பாள். பிறகு முழங்காலிலிருந்து குதிகால் வரை தனியாக ஒரு கருவியால் அளப்போம். கடைசியாக, கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் கொஞ்சம் களிம்பு தடவி, பேனா மாதிரி ஒன்றை வைப்போம். அது எலும்புக்குள் ஒலியை அனுப்பும். எலும்பு உறுதியாக இருந்தால் ஒலி வேகமாக ஓடும்.

எங்கள் வீட்டில் இதன் பெயர்

பண்டார் தெங்காராவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பா குலை வெட்டினார். அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். இருவருக்கும் பள்ளிக்கூடம் என்பது மழைக்கு ஒதுங்கிய இடம். பட்டம் வாங்கிய முதல் ஆள், கழுத்துப் பட்டையில் படம் போட்ட அட்டையோடு வேலைக்குப் போகும் முதல் ஆள், எங்கள் குடும்பத்தில் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

வேலை கிடைத்த புதிதில் அப்பாவிடம் அரை மணி நேரம் விளக்கினேன். காற்று, கொழுப்பு, எலும்பு, ஒலி. அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி பாப்பா. என் முட்டி வலிக்கு உங்ககிட்ட மருந்து இருக்கா?” என்றார்.

அம்மா இன்னும் சுருக்கம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதை நானே கேட்டேன். “எம்மவ பச்சப் பிள்ளைங்களோட எலும்பப் படிக்கிறா. நம்ம மாதிரியா? கண்ணாலயே பாத்துருவா.”

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். நான் கண்ணாலேயே எலும்பைப் பார்ப்பதாக எங்கள் வரிசை இன்றும் நம்புகிறது.

உரக்கச் சொல்லாதே

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவர் அளந்து எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிய வேண்டும். தவறு நேராமல் இருக்க இதுதான் வழி. எல்லா ஆராய்ச்சிக் கூடத்திலும் இப்படித்தான்.

எல்லாத் தமிழ் வீட்டிலும் இது அடிதடிக்கு வழி.

முதல் மாதமே பாடம் கிடைத்தது. நல்ல புஷ்டியான ஒரு பெண் குழந்தை. நான் எடையைச் சொன்னேன். மெய் லிங் இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். குழந்தையின் அத்தை எழுந்து நின்றுவிட்டார்.

“ஏம்மா, மைக் வேணுமா? வெளிய நாலு பேரு உக்காந்திருக்காங்க. பிள்ளை எடைய ஏலம் போடுறீங்களே!”

அவர் அங்கேயே மூன்று முறை துப்புவதுபோலச் செய்து, கன்னத்தை வழித்துக் கண்ணேறு கழித்துவிட்டுத்தான் அடங்கினார். மெய் லிங் பயந்துபோய், “நான் என்ன தப்பு செஞ்சேன் ரேவா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து தமிழ்ப் பிள்ளை வந்தால் கதவைச் சாத்திவிட்டு, இருவரும் கோயிலில் ரகசியம் பேசுகிறவர்கள்போல எண்களைக் கிசுகிசுப்போம். விதியில் “உரக்க” என்றுதான் இருக்கிறது. ஒருவருக்கொருவர் கேட்டால் அது உரக்கத்தானே?

டின் பாலும் வீட்டுத் தராசும்

இப்போது கோகிலாவிடம் வருகிறேன்.

அவருடைய பையன் சின்னதாகப் பிறந்தவன். நோய் நொடி இல்லை, ஆள்தான் சின்னது. பிறந்த மறுநாள் நாங்கள் அளந்தபோது பெட்டியின் தட்டில் முக்கால்வாசி இடம் காலியாகக் கிடந்தது. முதல் அளவு அது. சில வாரம் கழித்து இரண்டாவது அளவு எடுக்க வேண்டும். அதற்காகத்தான் அன்று வந்திருந்தார்கள்.

கோகிலாவுக்குத் தாய் இல்லை. பேறு கால வேலையெல்லாம் பரிமளம் அண்ணிதான். ஒரு பேரங்காடியில் வேலை செய்கிறவர், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து தங்கிவிட்டார். மிளகு, பூண்டு, சுறா மீன் புட்டு என்று விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றார். அவருக்கு ஒரே ஒரு குறை. தம்பி மகன் எடை கூடவில்லை.

“நானே நிறுத்துப் பாக்குறேன்மா,” என்று என்னிடம் சொன்னார். “வீட்டுல எடை மெஷின் இருக்கு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறி நிப்பேன். அப்புறம் என் எடையக் கழிச்சிருவேன். இத்தன நாளா முள்ளு அங்கயே நிக்குது. ஒரு கோடு ஏறல. இவ பால்ல சத்து இல்ல. வேற என்ன?”

கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் ரெண்டு பயலும் டின் பால்லதான் வளந்தானுங்க. இப்ப பாருங்க, வாசல்ல குனிஞ்சுதான் வர்றானுங்க. நான் வேலை செய்யுற எடத்துலயே நல்ல டின்னு பாத்து வாங்கி வச்சிட்டேன். இவதான் தொட மாட்டேங்கிறா.”

“அண்ணி, அவன் நல்லாத்தான் குடிக்கிறான்.”

“குடிச்சா எங்க போவுது?”

இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பெட்டி சொல்லட்டும். பிள்ளை வளர்ந்திருக்கிறான் என்று பெட்டி சொன்னால் அண்ணி வாயைத் திறக்க மாட்டார். இல்லையென்றால் அன்று இரவே டின்னை உடைப்பது.

அதனால்தான் தாயத்தைப் பார்த்து நாங்கள் சிரித்தபோது கோகிலா சிரிக்கவில்லை.

“கழற்ற முடியாதா?” என்று டாக்டர் கேட்டார்.

கோகிலா கணவரைக் கைப்பேசியில் அழைத்தார். சுரேஷ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. பின்னால் இரும்பை அறுக்கும் சத்தம். “அறுக்காத கோகி! கழட்டவும் வேணாம்! முடி எறக்குற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு முருகன்கிட்ட சொல்லியிருக்கேன்ல?” என்று அவர் கத்தியது அறை முழுவதும் கேட்டது. இதற்கு முன் உண்டான பிள்ளை அவர்களுக்குத் தங்கவில்லை. அதனால் அந்தக் கயிற்றில் யாரும் கைவைக்கப் போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது.

“இப்படியே பெட்டிக்குள் வைத்தால்?” என்று கேட்டேன்.

“வெள்ளி கனமானது. குழந்தை சின்னவன். கணக்கு தப்பாக வரும்,” என்றார் டாக்டர். “தப்பான எண்ணை அம்மாவிடம் எப்படிக் கொடுப்பது?”

பரிமளம் அண்ணி பிள்ளைக்குச் சட்டையை மாட்டத் தொடங்கினார். “சரி விடு. முருகனே டின் பால் கொடுன்னு சொல்லிட்டாரு.”

கோகிலாவின் கண் கலங்கிவிட்டது.

மீன் கடைக்காரர் செய்வதுதான்

எனக்கு உடனே ஒன்று தோன்றியது. எப்படித் தோன்றியது என்றால், பிறந்த மறுநாள் அளக்கும்போது குழந்தைகள் வெறும் உடம்போடு வருவதில்லை. தொப்புளில் பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். காலில் பெயர்ப் பட்டை இருக்கும். அவற்றைக் கழற்றக் கூடாது. அதற்காக நாங்கள் என்ன செய்கிறோம்? அதே மாதிரி இன்னொரு கிளிப்பையும் பட்டையையும் காலிப் பெட்டிக்குள் வைத்து, இதுதான் பூஜ்யம் என்று பெட்டிக்குச் சொல்லிவிடுகிறோம். பிறகு குழந்தை போகும்போது பெட்டி அவற்றைச் சேர்த்துக்கொள்ளாது. பாசாரில் மீன் கடைக்காரர் காலித் தட்டைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குவாரே, அதேதான்.

“டாக்டர், கிளிப்புக்கு இரட்டை இருக்கிறதே. தாயத்துக்கும் ஓர் இரட்டை இருந்தால் போதாதா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். கண்ணாடி தானாகவே நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

“அதே அளவு? அதே கயிறு?”

“அதே கடையிலேயே வாங்கலாம்.”

“போலே,” என்றார். ஆகட்டும். “ஆனால் இந்த வாரத்துக்குள். பிந்தினால் கணக்கில் சேராது.”

எங்கள் வரிசையின் முதல் பட்டதாரி அன்று வீடு போகும் வழியெல்லாம் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு கார் ஓட்டினாள்.

வெள்ளிக்கிழமை சுரேஷ் எல்லை தாண்டி வந்து, கூலாயில் தாயத்து செய்து வாங்கிய அதே நகைக்கடைக்குப் போனார். அங்கே குழாய்கள் எல்லாம் ஒரே அளவில் தயாராக இருக்குமாம். கடைக்காரர், “இரட்டைப் பிள்ளையா? சொல்லவே இல்லையே!” என்று கைகொடுத்தாராம். ஒரே பிள்ளைக்கு இரண்டு தாயத்து என்று விளக்குவதைவிட, ஆமாம் என்று வாழ்த்தை வாங்கிக்கொண்டு வருவது சுலபமாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலை மூவரும் வந்து சேர்ந்தார்கள். சுரேஷ் கண்ணாடிக்கு வெளியே பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். இரட்டைத் தாயத்து மேசைமேல் பளபளத்தது. மெய் லிங் அதைக் குலுக்கிப் பார்த்தாள்.

“காலியா இருக்கே. அதுக்குள்ள ஒன்னு இருக்கு. இதுக்குள்ள?”

அது உண்மைதான். காய்ந்த கொடி ஒன்றும் பெரிய கனமில்லை, கணக்கை மாற்றிவிடாது என்றார் டாக்டர். ஆனால் மெய் லிங் ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விட மாட்டாள். ஏறக்குறைய அதே கனத்தில் ஏதாவது வைக்க வேண்டும் என்றாள்.

“காஞ்சு சுருங்கி எவ்வளவு இருந்துச்சு?” என்று அண்ணியிடம் கேட்டேன்.

அண்ணி விரல் நுனியைக் காட்டினார். “சுண்ட வத்தல் மாதிரி.”

பத்தியச் சமையல்காரர் பையில் சுண்டை வற்றல் இல்லாமல் இருக்குமா? இருந்தது. டாக்டர் ஹனிசா ஒரு வற்றலை இடுக்கியால் எடுத்து, மாத்திரை நிறுக்கும் நுண்தராசில் வைத்து, முகர்ந்தும் பார்த்தார். அது குழாய்க்குள் போயிற்று. திறப்பை அடைத்தோம். காலிப் பெட்டிக்குள் வைத்துப் பூஜ்யமாக்கினோம்.

பிறகு நிஜமான தாயத்தோடு நிஜமான பிள்ளை உள்ளே போனான்.

முள் நின்ற கதை

மூடி இறங்கியது. கோகிலா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். உள்ளே அவன் ஒரு காலை மட்டும் தூக்கி, விரல்களை விரித்து, எதையோ யோசித்தான். வாயில் ஒரு பால் குமிழ் வந்து உடைந்தது.

அளந்து முடித்தோம். பலகையில் நீளம். முழங்காலுக்குக் கீழே தனியாக. களிம்பு, பேனா, ஒலி. களிம்பு சில்லென்று பட்டதும்தான் ஐயா முதன்முறையாக அழுதார்.

டாக்டர் இரண்டு அளவுகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எண்களை நான் இங்கே எழுத மாட்டேன். அச்சில் வந்தால் எத்தனை பேர் கண் படும் என்று கோகிலா கேட்டது நியாயம்தான். ஆனால் இதைச் சொல்லலாம். எடை நன்றாகவே ஏறியிருந்தது. ஏறியதில் கொழுப்பும் இருந்தது, தசையும் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நீண்டிருந்தது, மெய் லிங் இரண்டாம் முறை அளந்து பார்க்கும் அளவுக்கு.

நான் தமிழில் சொன்னேன். கோகிலா, “அப்போ…” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்தினார்.

“எப்படி?” என்றார் பரிமளம் அண்ணி. கோபமில்லை, நிஜமான குழப்பம். “வீட்டுல முள்ளு அசையவே இல்லையே? நான்தானே தெனமும் கழிக்கிறேன்?”

“எதைக் கழிக்கிறீங்க அண்ணி?”

“என் எடைய.”

“உங்க எடைய எப்ப பாத்தீங்க?”

“பிள்ளை வீட்டுக்கு வந்த அன்னிக்கு. ஒருவாட்டி பாத்தாப் போதாதா? நான் என்ன புள்ளையா, வளர்றதுக்கு?”

அறையின் மூலையில் தாய்மார்களை நிறுக்கும் தராசு இருந்தது. “கொஞ்சம் ஏறுங்களேன்,” என்றேன். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எண்ணைப் பார்த்தார். இறங்கி, மறுபடியும் ஏறிப் பார்த்தார். கைப்பையை நான் வாங்கிக்கொண்டேன் என்பதையும் சரிபார்த்துக்கொண்டார்.

குறைந்திருந்தது. விடியற்காலை எழுந்து, அடுப்படியில் நின்று, துணி துவைத்து, மாடிக்கும் கீழுக்கும் ஓடி, மிச்சம் மீதி சாப்பிட்டு, பரிமளம் அண்ணி இளைத்துப்போயிருந்தார். பிள்ளை மேலே ஏற ஏற அவர் கீழே இறங்கியிருக்கிறார். இருவரும் சேர்ந்து நின்ற தராசில் முள் எப்படி அசையும்?

முதலில் கோகிலாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அழுகையும் கலந்த சிரிப்பு. “அவன் ஏத்தினதையெல்லாம் நீங்க எறக்கிட்டீங்க அண்ணி!”

அண்ணி சட்டையின் இடுப்புப் பக்கத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தொளதொளவென்று வந்தது. “அட, ஆமா,” என்றார். “அலமாக், இத்தன வருசமா டயட் இருந்தும் எறங்கலயே!”

“என் புள்ளைய வளத்தே எறக்கிட்டீங்க.”

அண்ணி கோகிலாவின் கன்னத்தை ஈரத்தோடு ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டார், பாத்திரம் துடைப்பதுபோல.

இப்போது எங்கள் இழுப்பறையில் கறுப்புக் கயிறுகளும் வெள்ளிக் குழாய்களும் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, எல்லா அளவிலும். டாக்டர் அதன்மேல் “கெம்பார்”, அதாவது இரட்டை, என்று எழுதி ஒட்டியிருக்கிறார். யோசனை யாருடையது என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று, களிம்புக்கு அழத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. பசி. கோகிலா நாற்காலியில் உட்கார்ந்து, அங்கேயே பால் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு இழுப்பில் அறை அமைதியாகிவிட்டது. குடிக்கும் சத்தம் மட்டும்.

வெளியே அடுத்த குழந்தை வந்துவிட்டது. இடத்தைக் காலி செய்யச் சொல்ல டாக்டர் ஹனிசா கதவைத் திறந்தார்.

பரிமளம் அண்ணி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். இரண்டு கையும் இடுப்பில். பேரங்காடியில் வரிசையை ஒழுங்குபடுத்தும் அதே குரல்.

“துங்கு செகெஜாப், டாக்டர்,” என்றார். கொஞ்சம் பொறுங்கள். “பேபி மீனும் சூசு.” பிள்ளை பால் குடிக்கிறான்.

பிறகு, அது என்ன பால் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதுபோல, திரும்பி ஒருமுறை கோகிலாவைப் பார்த்துவிட்டு, இன்னும் உரக்கச் சொன்னார்:

“சூசு இபு, டாக்டர். தாய்ப்பால்!”